பங்காளி சொல்ல வேண்டிய வலி

சிப்ரியானோவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார்.

சலினாஸின் கிழக்குப் பக்கம், அலிசாலில், எல்லை தாண்டி வந்து வயலில் கூலி வேலை செய்யும் ஏழைபாழைகள் வந்துபோகும் ஒரு சின்ன மருத்துவமனை. பட்டம் வாங்கிய கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம், மிச்சோகான் மலையடிவாரத்து எங்கள் ஊரிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல. கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, கடைசியாக எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பேன்: "வலி எவ்வளவு? ஒண்ணுமே இல்லன்னா சைபர், தாங்கவே முடியலன்னா பத்து."

அன்று நாற்காலிகள் பாதிக்குமேல் காலி. அவர் மட்டும் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், சுவருக்குத் தோளை முட்டுக்கொடுத்து, தொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். அவர் மனைவி ஒடிலியா கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"உக்காரேன் கிழவா. நாற்காலிக்கு வாடகை கேக்க மாட்டாங்க."

"நிக்கிறதுல என்ன கொறஞ்சு போச்சு? குதிரை நின்னுக்கிட்டேதான் தூங்குது."

"குதிரை வேலைக்குப் போவுது."

அவரை உள்ளே கூட்டிப்போய் எடைமேடையில் ஏற்றினேன். ஏறும்போது அந்தக் கம்பியை அவர் பிடித்த பிடியில் விரல் முட்டிகள் வெளுத்துப் போயின. வலி எவ்வளவு என்று கேட்டேன்.

"ரெண்டு போட்டுக்குங்க தம்பி. ரெண்டே ஜாஸ்திதான்."

ஒடிலியா கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். நான் இரண்டு என்று எழுதினேன். அவர் சொன்னது அதுதான்.

பிறகு அவரை எத்தனையோ தடவை பார்த்தேன். அவர்கள் வீட்டு மேசையில் இலவங்கப்பட்டை போட்ட காப்பி குடித்திருக்கிறேன். ஒடிலியா கொஞ்சம், வயலில் அவரோடு கூலியைப் பங்கு போட்ட பங்காளி ஹெர்மிலோ நிறைய, அவரே வாய்தவறிக் கொஞ்சம் என்று சொன்னதையெல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அந்த இரண்டு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் லெட்டூஸ் கீரை வயலுக்குத்தான் போக வேண்டும்.

அந்தக் காலத்தில் லெட்டூஸ் அறுப்பு என்றால் மூன்று பேர். இரண்டு பேர் முன்னால் குனிந்து அறுத்துப் போட்டுக்கொண்டே போவார்கள்; மூன்றாவது ஆள் பின்னால் குனிந்து பெட்டியில் அடுக்கிக்கொண்டே வருவான். பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. வந்த கூலியை மூன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். மணிக்கணக்கு, நாள்கணக்கு எதுவும் கிடையாது. அதனால் யாரோடு சேருகிறோம் என்பது பெண்ணெடுக்கிற மாதிரி விஷயம். ஒருவன் தூங்கி வழிந்தால் மற்ற இருவர் வீட்டு அடுப்பில் சட்டி காயும்.

சிப்ரியானோ குவானாஹுவாத்தோக்காரர். ஹெர்மிலோ ஹாலிஸ்கோ பக்கம். நாபோர் மிச்சோகான். ஒரு மூடுபனிக் காலையில், மேஸ்திரி ஆள் பிரிக்கும்போது, யாரும் சேர்த்துக்கொள்ளாமல் மிஞ்சி நின்ற மூன்று பேர். சிப்ரியானோ புதுசு. ஹெர்மிலோ வாயாடி. நாபோர் ஒரு வார்த்தை பேச மாட்டார், முசுடு என்று பேர். "மூணு சனியனும் ஒண்ணா போங்கடா" என்று மேஸ்திரி தள்ளிவிட்டான். அடுத்த வருஷமே அந்தக் குழுவில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. குனிந்த இடுப்பு நிமிராமல், காலை அகட்டி வைத்து, வரிசையாக மூன்று பேரும் ஆடி ஆடிப் போவதைப் பார்த்து யாரோ வாத்து என்று பேர் வைத்தார்கள். அது ஒட்டிக்கொண்டது. "வாத்துங்க வந்தாச்சு, வழி விடுங்க" என்றால் வயலே சிரிக்கும்.

வெயில் காலம் முழுக்க சலினாஸ். இலையுதிர் காலத்தில் ஹூரோன். குளிர் வந்தால் எல்லையோரம், யூமா பக்கம். மறுபடி ஹூரோன், மறுபடி சலினாஸ். லெட்டூஸ் எங்கே முற்றுகிறதோ அங்கே. நாபோரின் பழுப்பு நிற வண்டியில் மூன்று பேரும், அவர்கள் போர்வைகளும், ஒரு இரும்புத் தட்டும். அந்தத் தட்டுதான் அவர்கள் அடுப்பங்கரை. வயலோரத்தில் நாலு சுள்ளியை மூட்டித் தட்டை வைத்து, பீன்ஸ் வைத்துச் சுருட்டிய ரொட்டிகளை அடுக்கினால், பனியில் நனைந்த ரப்பர் கால்சட்டைகளிலிருந்து ஆவி பறக்கும். நாபோரின் மனைவி கட்டிக் கொடுத்த சப்பாத்திக்கள்ளித் துண்டுகளும் மிளகாய்ச் சட்னியும் இருக்கும். ஹெர்மிலோ தன் ரொட்டியை ஒளித்து வைத்துவிட்டு அடுத்தவன் ரொட்டியை முதலில் காலி பண்ணுவார். அது தெரிந்தும் இரண்டு பேரும் தெரியாத மாதிரி இருப்பார்கள்.

சிப்ரியானோ பாடுவார். குனிந்தபடியே, கத்தி போகிற வேகத்துக்கு. காதல் தோற்றவன், குதிரை தொலைத்தவன், ரயிலைத் தவறவிட்டவன் என்று எல்லார் பாட்டும் அவருக்குத் தெரியும். பக்கத்து வரிசைக்காரர்கள் அந்தப் பாட்டு காதில் விழுகிற தூரத்திலேயே இருக்க வேண்டும் என்று வேகமாக அறுப்பார்களாம். மேஸ்திரிக்கு அதில் லாபம்.

இடுப்பு வலிக்காத ஆள் அந்த வயலில் கிடையாது. ஆனால் எவனும் தன் வலியைத் தன் வாயால் சொல்ல மாட்டான். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. வயலுக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் புரிந்துவிடும். நான் இன்று மெதுவாகத்தான் அறுப்பேன் என்று ஒருவன் சொன்னால், உங்கள் கூலியில் கொஞ்சம் எனக்குக் கொடுங்கள் என்று கையேந்துவதாக அர்த்தம். அதைவிட நாக்கைக் கடித்துக்கொண்டு சாகலாம். ஆனால் பங்காளி சொல்லலாம். சொல்லியே ஆக வேண்டும். கொடுக்கப் போகிறவன் அவன்தானே? அவனாகக் கொடுத்தால் அது பிச்சை ஆகாது.

ஒரு நாள் காலையில் சிப்ரியானோ கால்சட்டையின் நாடாவைக் கட்டக் குனிந்தார். குனிந்த இடத்திலேயே ஒரு நொடி நின்றார். அவ்வளவுதான். வேறு யார் கண்ணிலும் படாது. ஹெர்மிலோ வயலே கேட்கக் கத்தினார்.

"மேஸ்திரி! இந்த வாத்துக்கு இன்னிக்கு றெக்கை ஒடிஞ்சு போச்சு! பெட்டி மூட அனுப்புங்க!"

"பொய் சொல்றான் மேஸ்திரி!" என்று சிப்ரியானோ பதிலுக்குக் கத்தினார். "இவனுக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு!"

"இவன் பொண்டாட்டி என்னைக் கூப்பிட்டுச் சொன்னா மேஸ்திரி. பாவம், அவளே இவனைத் தூக்கி வண்டியில போட்டாளாம்."

"எம் பொண்டாட்டியைப் பத்திப் பேசினே, கத்தி இருக்கு கையில!"

"கத்தியைத் தூக்க இடுப்பு வேணுமேடா."

வயல் முழுக்கச் சிரிப்பு. மேஸ்திரி கையை வீசினான்: "போய்யா, பெட்டி மூடு." பெட்டி மூடுவது நின்றபடி செய்கிற வேலை. சிப்ரியானோ வைதுகொண்டே போவார். அப்படி மறுத்து, வைது, பிறகு போக வேண்டும், அதுதான் முறை. சாயங்காலம் கூலி வழக்கம்போல மூன்றாகப் பிரியும். அதைப் பற்றி ஒரு பேச்சு எழாது. அடுத்த வாரம் ஹெர்மிலோவின் மணிக்கட்டு வீங்கினால், சிப்ரியானோ கத்துவார், ஹெர்மிலோ வைவார்.

உடம்பு நோவுக்கு மட்டுமல்ல இது. ஒரு வருஷம் யூமாவில் இருந்தபோது, கடைக்காரர் வீட்டுத் தொலைபேசிக்குச் செய்தி வந்தது: ஊரில் சிப்ரியானோவின் கைக்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. அப்போது ஒடிலியா இன்னும் ஊரில்தான் இருந்தாள். போனால் திரும்பி வர முடியுமா என்பது நிச்சயமில்லாத காலம். அவர் போகவில்லை. மறுநாள் காலை, எப்போதும்போல ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு வரிசையில் வந்து நின்றார். வாயே திறக்காத நாபோர் அன்று குழுவைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னிக்கு இவன் பாட மாட்டான். யாரும் கேக்காதீங்க."

சிப்ரியானோ, "பொய், தொண்டைதான் கட்டியிருக்கு" என்றார். அன்று முழுக்க நாபோரும் ஹெர்மிலோவும் அவருக்குப் பதிலாகப் பாடினார்கள். இரண்டு பேருக்கும் சுருதி என்றால் என்னவென்றே தெரியாது. "கழுதை ரெண்டு செத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருந்துச்சு" என்று இதைச் சொல்லும்போது மட்டும் சிப்ரியானோ இன்றைக்கும் சிரிப்பார். சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருப்பார்.

பிறகு வயலுக்குள் எந்திரம் வந்தது. இறக்கை விரித்த மாதிரி ஒரு பெரிய வண்டி ஊர்ந்து போக, அதன் பின்னால் நின்று அறுத்து, அதன்மேல் ஏறி நின்று அடுக்கும் வேலை. மணிக்குக் கூலி. மூன்று பேர் கணக்கு போயிற்று. யார் பக்கத்தில் யார் என்பது தினம் மாறியது. பக்கத்தில் நிற்பவன் நாடா கட்டக் குனிந்தானா, நின்றானா என்று பார்க்க யாருக்கும் அவசியமில்லை. ஹெர்மிலோ கிங் சிட்டியில் மகளோடு போய்த் தங்கினார். நாபோருக்குச் சர்க்கரை சிறுநீரகத்தைத் தின்றது. ஹூரோனில் ஒரு வாடகை அறையில் கண்ணை மூடினார். ஒன்பது நாள் ஜெபமாலைக்கும் இரண்டு வாத்துகளும் சேர்ந்து போனார்கள், சேர்ந்து முழங்காலிட்டார்கள். அதன் பிறகு பார்த்துக்கொள்ளவில்லை. சண்டையெல்லாம் இல்லை. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் தொலைபேசி.

"எப்படி இருக்கே பங்காளி?"

"நல்லா இருக்கேன். நீ?"

"நல்லா இருக்கேன்."

ஆளை நேரில் பார்த்தால்தானே மற்றவன் கத்த முடியும்?

சிப்ரியானோ இன்னும் சில வருஷம் புரோக்கோலி வயலில் ஓட்டினார். பிறகு ஒரு காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. ஒடிலியாவுக்கு ஒரு தங்கும் விடுதியில் அறை கூட்டும் வேலை. அலிசாலில், ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தார்கள். அவள் கிளம்பிப் போனதும் அவர் அடுக்களைத் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வார். கட்டில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தரை மட்டும்தான் இடுப்பை ஏற்றுக்கொண்டது. விடியற்காலையில் வேலைக்குப் போகிற பேருந்துகளின் ஹாரன் கேட்கும். எந்தக் குழு, எந்தத் தெருமுனை என்று படுத்தபடியே சொல்லிவிடுவார். சத்தம் எல்லாம் போன பிறகு கூரையில் ஒரு ஈரக்கறை இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒடிலியா விட்டுவைக்கவில்லை. சந்தையில் எண்ணெய் தேய்த்து நரம்பு நீவும் ஆளிடம் கூட்டிப்போனாள். சாராயத்தில் கஞ்சா இலை ஊறப்போட்ட பாட்டிலை வாங்கி வந்து இடுப்பில் தேய்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி சத்து ஊசி போட்டாள். குவாதலூப்பே மாதாவுக்கு மெழுகுவர்த்தி எரிந்தது. கடைசியில் மருத்துவமனை, அங்கேதான் என்னிடம் இரண்டு.

டாக்டர் நல்லவர். இரண்டு என்று சொல்கிறவருக்கு இரண்டுக்கு உண்டான மாத்திரையைக் கொடுத்தார். முறைப்படி கேட்க வேண்டிய மற்றக் கேள்விகளையும் கேட்டார். மனசு சோர்வாக இருக்கிறதா? முன்பு பிடித்த காரியம் எதுவும் இப்போது பிடிக்காமல் போயிற்றா? தூக்கம்? உயிரோடு இருப்பதைவிட இல்லாமல் இருந்தால் தேவலை என்று தோன்றுகிறதா?

"இல்லீங்க டாக்டர்." ஒவ்வொன்றுக்கும் அதே பதில். "வேலைக்காரனுக்கு என்னங்க சோகம்."

கடைசிக் கேள்விக்கு மட்டும் தொப்பியைப் பார்த்துப் பதில் சொன்னார்.

அந்தத் தொப்பி வேலைக்குப் போடுகிற வைக்கோல் தொப்பி. அவரிடம் இன்னொன்று இருந்தது. வெள்ளைக் கம்பளித் தொப்பி. யூமாவில் நல்ல பருவம் முடிந்த ஒரு வருஷம் மூன்று வாத்துகளும் ஒரே கடையில், ஒரே மாதிரி வாங்கியது. நடனத்துக்கும், கல்யாணத்துக்கும், பெண் குழந்தைகளின் பதினைந்தாம் பிறந்தநாளுக்கும் மட்டும் தலையில் ஏறும். மற்ற நேரத்தில் பீரோ மேலே, பெட்டிக்குள், காகிதம் திணித்து. ஒடிலியாகூட அதைத் தொடக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒடிலியா பூசை முடிந்து வந்தபோது எதிர்வீட்டு ரோகெலியோ அந்தத் தொப்பியோடு தெருவில் போய்க்கொண்டிருந்தான்.

"அது யாரு குடுத்தது?"

"ஐயாதான் அக்கா. எனக்கு இனிமே எதுக்கு, நீ போட்டுக்கன்னாரு."

ஒடிலியா வீட்டுக்குள் போனாள். அவர் தரையில் இருந்தார். கூரையைப் பார்த்தபடியே கேட்டார்:

"கிழவி, செத்தா ஊருக்கு உடம்பு அனுப்புற சங்கத்துக்குப் பணம் கட்டிட்டியா? விடாம கட்டு."

அவள் அவருடைய பழைய லெட்டூஸ் கத்தியை ஆணியிலிருந்து எடுத்தாள். அலமாரியிலிருந்த மாத்திரைகளையும் வாரிக்கொண்டாள். எல்லாவற்றையும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அங்கிருந்தே கிங் சிட்டிக்குத் தொலைபேசி போட்டாள்.

"ஹெர்மிலோ, அவர் தொப்பியைக் குடுத்துட்டாரு."

"எந்தத் தொப்பி?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"வெள்ளை."

"நாளைக்கு முதல் பேருந்து" என்றார் ஹெர்மிலோ.

அன்று ஒடிலியா அவர் பக்கத்திலேயே தரையில் பாயை விரித்தாள். மறுநாள் வேலைக்குப் போகவில்லை.

ஹெர்மிலோ வந்தபோது சிப்ரியானோவுக்கு அடையாளமே தெரியவில்லை. ஆள் இரண்டு மடங்கு பருத்திருந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். வாசலில் நின்று, தரையில் கிடந்தவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடா வாத்தே, தரையில முட்டை போடுறியா?"

"யாரு உன்னை வரச் சொன்னது?"

"உங்க வீட்டு அம்மா ரொட்டி சுடுறான்னு கேள்விப்பட்டேன். கொஞ்சம் நகரு."

பெரிய முனகலோடு ஹெர்மிலோவும் தரையில் உட்கார்ந்து, பிறகு படுத்தார். இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள். ஒடிலியா அடுப்போரம் நின்று இரண்டு ஜோடிக் கால்களையும் தாண்டித் தாண்டி வேலை செய்தாள்.

"அந்தக் கறை யாரு மாதிரி இருக்கு தெரியுமா?" என்றார் ஹெர்மிலோ. "நம்ம மேஸ்திரி மாதிரி. அதே தொப்பை."

சிப்ரியானோவுக்குச் சிரிப்பு வந்தது; சிரிப்பு இடுப்பில் போய்க் குத்தியது; ஒரு நொடி மூச்சை நிறுத்திக்கொண்டார். ஹெர்மிலோ அதைப் பார்த்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டார்.

"எப்போ பாடினே கடைசியா?"

சிப்ரியானோ கறையையே பார்த்தார்.

"நாபோர் செத்த பிறகு பாடினியா?"

"எதுக்குடா பாட்டு, வேலை இல்லாதவனுக்கு."

அதற்குப் பிறகு ஹெர்மிலோ, "ஒடிலியா, இவனுக்குச் சட்டை எடுத்து வை. இன்னிக்கே ஆஸ்பத்திரி" என்றார். படுத்த இரண்டு கிழவர்களையும் தூக்கி நிறுத்த அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அன்று மருத்துவமனையில் நான்தான் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்று பேரும் எழுந்து வந்தார்கள். ஒடிலியா என்னிடம் தணிந்த குரலில் தொப்பி விஷயத்தைச் சொன்னதும், நேராக மனநல ஆலோசகர் கிரிசெல்டாவின் அறைக்குக் கூட்டிப்போனேன். கிரிசெல்டா வாட்சன்வில்லில் ஸ்ட்ராபெரி பறித்தவர்களின் மகள், அவசரப்படாத பெண். நாற்காலி போட்டாள். சிப்ரியானோ நின்றார். அவளும் எழுந்து நின்றுகொண்டாள்.

"வலி எவ்வளவு ஐயா?"

"ரெண்டு மிஸ்."

"ரெண்டா?" ஹெர்மிலோவின் குரல் வயலில் கத்துகிற குரல், காத்திருக்கும் அறை வரைக்கும் கேட்டது. "இவன் பொய் சொல்றான் மிஸ்! எட்டு! சிரிச்சா மூச்சு நிக்குது இவனுக்கு. தரையை விட்டு எழுந்திரிக்க ரெண்டு பேர் வேணும். எட்டு, எழுதிக்குங்க!"

சிப்ரியானோவின் முகம் சிவந்தது. "இவனுக்குத்தான் மிஸ் கண்ணு அவிஞ்சு போச்சு." பழைய பதில்தான். அது தானாகவே வந்தது. இத்தனை வருஷம் கழித்து அதைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்த மாதிரி வந்தது.

கிரிசெல்டா அவரைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். அப்புறம் அடுத்த கேள்வியை ஹெர்மிலோவைப் பார்த்துக் கேட்டாள்.

"மனசு எப்படி இருக்கு இவருக்கு?"

ஹெர்மிலோ இந்தத் தடவை கத்தவில்லை.

"பாட்டு நின்னு போச்சு மிஸ். கொழந்தை செத்தப்போகூட ஒரு வாரத்துல பாடினவன். இப்போ வருஷக்கணக்கா பாடல. தொப்பியை எடுத்துக் குடுத்துட்டான். நாங்க மூணு பேரும் ஒண்ணா வாங்கின தொப்பி." தலையைத் தடவிக்கொண்டார். "இவன் கிளம்பப் பாக்குறான் மிஸ். எனக்குத் தெரியும். நான் இவன் பங்காளி."

ஒடிலியா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது சிப்ரியானோ மறுக்க வேண்டும். பொய் சொல்றான் என்று வைய வேண்டும். அதுதான் முறை, இருபது வருஷம் ஒரு தடவைகூட அவர் அதைத் தவறவிட்டதில்லை. வாயைத் திறந்தார். வைக்கோல் தொப்பியின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றினார். வாயை மூடிக்கொண்டார். பிறகு, நான் அந்த மருத்துவமனையில் அதுவரை அவரைப் பார்த்திராத விதமாக, நாற்காலியில் உட்கார்ந்தார்.

கிரிசெல்டாவும் தன் நாற்காலியில் உட்கார்ந்து, அதை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"கிளம்பணும்னு தோணுதா ஐயா?"

"தோணுது மிஸ்" என்றார். தரையைப் பார்த்தபடியே, இன்னொன்றும் சொன்னார்: "இவன் முழங்கால் ஒம்போது. பேருந்துல இருந்து இறங்கும்போதே தெரிஞ்சிருக்கும், நான் வாசல்ல இருந்திருந்தா. இவனும் தூங்குறதில்ல. கண்ணைப் பாருங்க."

"பொய் சொல்றான் மிஸ்!" என்று ஹெர்மிலோ துள்ளினார்.

கிரிசெல்டா சிரித்துவிட்டாள். "உங்களுக்கும் ஒரு சீட்டுப் போடுறேன் ஐயா" என்றாள்.

அன்று சாயங்காலம் வரை அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. டாக்டர் வந்து மறுபடி முதலிலிருந்து பார்த்தார். இடுப்பைப் படம் எடுக்க எழுதினார். தனியாக விடக் கூடாது, வாரம் ஒரு தடவை வர வேண்டும், எந்த நேரம் கூப்பிடலாம் என்றெல்லாம் ஒடிலியாவிடம் கிரிசெல்டா சொல்லி அனுப்பினாள். ஹெர்மிலோ கிங் சிட்டிக்குத் திரும்பவில்லை. மகளிடம் தொலைபேசியில், "ரொட்டி இங்க நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுக்களைத் தரையில் இன்னொரு பாயைப் போட்டுக்கொண்டார்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மனசுக்குக் கொடுத்த மாத்திரையை முதல் வாரமே சிப்ரியானோ நிறுத்தினார்; அது பைத்தியங்களுக்குக் கொடுக்கிறது என்று ரோகெலியோ சொல்லியிருக்கிறான்.

"நீ பைத்தியம்னு எனக்கு யூமாவுலேயே தெரியும்" என்றார் ஹெர்மிலோ. "இப்பதான் மாத்திரை கண்டுபிடிச்சிருக்காங்க. முழுங்கு."

முழுங்கினார். இடுப்புக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். காலைத் தூக்கி, இறக்கி. இரண்டு பேரும் தரையில் படுத்துக்கொண்டு செய்வார்கள், ஒருவரை ஒருவர் ஏமாற்றுக்காரன் என்று திட்டிக்கொண்டு. மழைக்காலத்தில் ஒரு மாசம் மறுபடி மோசமானது. மறுபடி தரை, மறுபடி கூரை. ஆனால் அப்போது பக்கத்துப் பாயிலிருந்து ஒரு குரல், "இன்னிக்கு ஏழு. ஒடிலியா, கிரிசெல்டாவைக் கூப்பிடு" என்றது. அவர் வைதார். ஒடிலியா கூப்பிட்டாள்.

தொப்பியைத் திரும்ப வாங்குவதுதான் பெரிய பாடு. ரோகெலியோ அதைப் போட்டுக்கொண்டு இரண்டு விருந்துக்குப் போய்விட்டான். பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்களாம். "குடுத்தது குடுத்ததுதான்" என்றான். ஒடிலியா அவன் அம்மாவிடம் போய் நின்றாள். மறுநாள் தொப்பி வந்தது, உள்ளே வியர்வைக் கறையோடும் வாசனைத் தைலத்தின் நெடியோடும். சிப்ரியானோ முகர்ந்து பார்த்து, "அந்தப் பய தலையில என்னத்தத் தேய்க்கிறான்?" என்றார். பெட்டியில் வைக்கவில்லை. நாபோரின் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார்.

கிரிசெல்டா அதன் பிறகு எங்கள் மருத்துவமனையில் கேட்கிற விதத்தை மாற்றிக்கொண்டாள். வயல்காட்டு ஆண்கள் யாராவது வந்து ரெண்டு, மூணு என்றால், "உங்ககூட வேலை செஞ்சவர் இங்க இருந்தா எத்தனைன்னு சொல்வாரு?" என்பாள். சில பேர் சிரிப்பார்கள். சில பேர் ரொம்ப நேரம் யோசிப்பார்கள். ஒருவர் அந்தக் கேள்விக்கு அழுதுவிட்டார். நான் அங்கிருந்து மேல்படிப்புக்குப் போகும்வரை நானும் அப்படித்தான் கேட்டேன்.

போன கோடையில் சலினாஸ் போயிருந்தபோது அந்தப் பின்கட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள், சுருதியே இல்லாமல். "நிறுத்துடா, கழுதை சாவுது" என்றது இன்னொரு குரல். பிறகு அதே பாட்டை அந்தக் குரல், மெதுவாக, சரியான இடத்திலிருந்து எடுத்தது. நான் வாசலில் நின்றேன். எட்டிப் பார்த்த ஒடிலியா, "வா தம்பி, காப்பி இருக்கு" என்றாள்.

சிப்ரியானோ இப்போதும் அலிசாலில் அதே பின்கட்டில் ஒடிலியாவோடு இருக்கிறார். வியாழக்கிழமைகளில் மருத்துவமனைக்குப் போகிறார். ஹெர்மிலோ அடுத்த தெருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அவரும் கூடப் போகிறார். இடுப்பு வலி இன்னும் இருக்கிறது. ஹெர்மிலோ அதை ஐந்து என்கிறார்.